பள்ளத்தில் ஒரு பெஞ்சு

மே 11

கூட்டுறவு வங்கியில் கொடுத்த டைரி இது. வாங்கி வந்தவள் முதல் பக்கத்தில் முகவரியும் தன் ரத்தப் பிரிவும் எழுதி வைத்திருக்கிறாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஜனவரியிலிருந்து நேற்றுவரை எல்லாப் பக்கமும் காலி. வீணாகப் போகக் கூடாது என்று இன்று எடுத்தேன்.

காலையில் பூங்காத் திறப்பு. முள்ளும் கட்டட இடிபாடுமாகக் கிடந்த மனை அது. பால்குளம் நகருக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அங்கே பூங்கா வேண்டும் என்று மனுக் கொடுத்து வந்தோம். கடைசியில் கிடைத்தது, ஆனால் நாங்கள் நினைத்தது போல் இல்லை. மாநகராட்சி மண்ணை வாரி லாரியில் ஏற்றிப் போய்விட்டது. தெருவிலிருந்து பார்த்தால் ஆளுயரப் பள்ளம். சரிவில் வெட்டிவேர். கரையைச் சுற்றி நடைபாதை. அடியில் வெறும் மண், அங்கங்கே கூழாங்கல் நிரப்பிய உறிஞ்சு கிணறுகள். இரண்டாம் குறுக்குத் தெருப் பக்கம், மழைநீர் வடிகால் திரும்பும் இடத்தில், சுவரில் ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். ஜனங்கள் அதற்குள் மடை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கவுன்சிலர் ரிப்பன் வெட்டிவிட்டுப் போனதும் உதவிப் பொறியாளர் பெனிட்டா விளக்கினார். இளம் பெண். ஷூ முழுக்கச் சேறு.

“இது ஸ்பாஞ்ச் பூங்கா சார். முன்னாடி ஒரு மாசம் நின்னு பெஞ்ச மழை இப்ப ஒரே மத்தியானத்துல கொட்டுது. கால்வாய் தாங்க மாட்டேங்குது. தெருத்தண்ணி இதுக்குள்ள எறங்கி நிக்கும். ரெண்டு மூணு நாள்ல மண்ணு குடிச்சுடும். அதனால கீழ ஒண்ணும் வைக்காதீங்க. காலியா இருக்கறதுதான் இதோட வேலை.”

எங்கள் நலச்சங்கத் தலைவர் வரதராஜுலு பள்ளத்தை எட்டிப் பார்த்தார். ஹார்டுவேர் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சங்கத்தை எடுத்துக்கொண்டவர். “காலியா இருக்கறதுக்கா மேடம் இவ்ளோ செலவு? நாங்கதான் இத்தினி வருஷம் சும்மாவே காலியா வச்சிருந்தோமே!”

எல்லாரும் சிரித்தார்கள். பெனிட்டாவும் சிரித்தார்.

சங்கச் செயலாளர் என்ற முறையில் நன்றியுரை நான். ஒரு பொட்டலம் லட்டு கொடுத்தார்கள். ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

மே 17

சனிக்கிழமை. வழக்கம்போல் கேட்டில் மாவுப் பொட்டலம் தொங்கியது. இரண்டாம் குறுக்குத் தெருவில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கும் ஷம்ஷாத் வைத்துவிட்டுப் போவது. காசு நீட்டினால் வாங்குவதில்லை. “அது எனக்கும் அண்ணிக்கும் உள்ளதுண்ணே” என்று சொல்லிவிடுகிறாள்.

சாயங்காலமானால் என் மனைவி அங்கே போய்த்தான் உட்கார்ந்திருப்பாள். உடம்பு முடியாமல் போன பிறகும் குடையை ஊன்றிக்கொண்டு போவாள். நான் அந்தத் தெருவுக்குள் போனதில்லை. போக வேலை இருந்ததில்லை.

இட்லி கல்லாக வந்தது. மாவில் குறை இல்லை.

மே 29

மோட்டார் காற்று வாங்கிவிட்டது. பிளம்பர் வருகிறேன் என்றான், வரவில்லை.

ஜூன் 8

தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம்.

“வெறும் பள்ளத்த பாத்துக்னு எவ்ளோ நாளு வாக்கிங் போறது? நடுவுல ஒரு பவுண்டன் வச்சா கண்ணுக்கு நல்லா இருக்கும். என் உபயம்,” என்றார் வரதராஜுலு.

அவ்வளவுதான். ஒருவர் உபயம் என்று வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்களால் சும்மா உட்கார முடியாது. முனையில் இருக்கும் பல் டாக்டர் அடி முழுவதும் கொரியன் புல் போட்டுத் தருகிறேன் என்றார். அமெரிக்காவில் மகன் இருக்கும் வீட்டார் ஊஞ்சல். நம் அம்மன் கோயில் மின்விசிறியின் இறக்கையில் உபயதாரர் பெயர் எழுதியிருக்கிறது. சுற்றினால் படிக்க முடியவில்லை என்று விசேஷ நாளில் அதை நிறுத்தி வைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர் இது.

கீழே எதுவும் வைக்கக் கூடாது என்று பொறியாளர் சொன்னதை நினைவூட்டினேன். “மேலயும் வைக்காத கீழயும் வைக்காதன்னா அப்பறம் எதுக்குய்யா பூங்கா?” என்றார் தலைவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பெஞ்சு ஒன்று நான் தருவதாகச் சொன்னேன்.

ஜூன் 15

கல்கடைக்குப் போனேன். கருப்பு கிரானைட்டில் இரண்டு பலகை: உட்கார ஒன்று, சாய ஒன்று. சாயும் பலகையில் மூன்று வரி வெட்டலாம். மேலே ‘நினைவு உபயம்’. நடுவில் பெரிய எழுத்தில் அவள் பெயர். கீழே சின்னதாக ‘கணவர் கலியமூர்த்தி’.

“அம்மா பேர் சொல்லுங்க சார்,” என்றார் கடைக்காரர். சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து ‘இந்தா’ என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். வேறு யார் முன்னாலும் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

மணிவாசகம் புனேயிலிருந்து பேசினான். “அம்மாவுக்கு பெஞ்செல்லாம் எதுக்குப்பா? நீங்க கெளம்பி இங்க வந்துடுங்க,” என்றான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

ஜூலை 6

பெஞ்சு வந்தது. நாலு பேர் தூக்கினார்கள். கரையில் போடலாம் என்றார்கள், அங்கே டிரான்ஸ்பார்மர் இடிக்கிறது. அடியில், பவுண்டனுக்கு இந்தப் பக்கம் போடச் சொன்னேன். எங்கள் மாடிச் சமையலறை ஜன்னலிலிருந்து நேராகத் தெரியும் இடம் அதுதான். தற்செயலாக அமைந்தது.

சுண்ணாம்பு வேலையை மேற்பார்வையிட வந்த பெனிட்டா கீழே இறங்கி வந்தார்.

“சார், கீழ ஒண்ணும் வைக்காதீங்கன்னு சொன்னேன்ல?”

“ஒரே ஒரு பெஞ்சுதாம்மா.”

“பவுண்டன், ஊஞ்சல், புல்லு, பெஞ்சு. எல்லாரும் ஒண்ணே ஒண்ணுதான்னு சொல்றாங்க.” பலகையில் இருந்ததைப் படித்தார். கொஞ்சம் தணிந்து, “கல்லு இருந்துட்டுப் போகட்டும் சார். ஆனா மழை வந்தா தண்ணிக்குள்ள நிக்கும். உங்களுக்குப் பரவால்லையா?” என்றார்.

“கல்லுதானேம்மா, நனைஞ்சா என்ன?” என்றேன்.

ஆகஸ்ட் 17

மாலையில் இடியுடன் பெருமழை. குடையைத் தேடினேன். காயப்போட்ட துணியை எடுக்க ஓடியதில் லுங்கி நனைந்ததுதான் மிச்சம். குடை எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 18

மடை வழியாக இறங்கியது மழைநீர் என்று யாரும் சொல்ல முடியாது. கருப்பாக, பிளாஸ்டிக்கும் டயப்பரும் ஒற்றைச் செருப்புமாக வந்து நின்றது. டாக்டரின் புல் அதன் அடியில். பவுண்டனில் வைத்த மீன் சிலையின் வாயில் யாரோ சாப்பிட்ட சிப்ஸ் பொட்டலம். பெஞ்சு இருக்கைவரை சேறு.

கேட்டருகே ஷம்ஷாத்தைப் பார்த்தேன். மாவு வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று பேசினாள். “அண்ணே, ராத்திரி அந்த மழைக்கு எங்க தெருவுல பொட்டுத் தண்ணி நிக்கல! குடிவந்ததுலேர்ந்து இப்பதான் பாக்கறேன். எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்ள போயிடுச்சு. எங்க வீட்டுக்காரர் நல்லா தூங்குனாரு.”

நல்லது என்றேன். அவள் கணவர் காதர் பக்கவாதத்தில் விழுந்து, முன்னறையில் கட்டிலோடு கிடக்கிறார்.

ஆகஸ்ட் 20

தண்ணீர் வடிந்துவிட்டது. பெஞ்சைச் சோப்பு போட்டுக் கழுவினேன். பல் தேய்க்கும் பிரஷ் வைத்து எழுத்துக்குள் இருந்த சேற்றை எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது.

செப்டம்பர் 14

கூட்டம். டாக்டர் கோபமாக இருந்தார். “புல்லு இன்னும் வேர் பிடிக்கல. இன்னொரு தடவ சாக்கடை உள்ள வந்தா மொத்தமும் போச்சு.”

“பவுண்டன் மோட்டார் இனிமேதான் வருது. புதுசு,” என்றார் தலைவர். “மழை முடியற வரைக்கும் மடைய அடச்சுட்டா இன்னா? தையில தொறந்து விட்டுக்கலாம்.”

மழைக்காலத்தில் அடைத்து, மழை போனதும் திறப்பதா என்று ஒருவர் சிரித்தார். அவரும் கை தூக்கினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: ‘பூங்காவின் உபயப் பொருள்களைப் பாதுகாக்கும் பொருட்டு, நீர் நுழையும் திறப்பைத் தற்காலிகமாக மூடுவது.’ வாசகம் என்னுடையது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. குறிப்பு எழுதுகிறவன் இடையில் பேசினால் எழுத்து விட்டுப்போகும்.

இரண்டாம் குறுக்குத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. அங்கே எல்லாரும் வாடகைக்கு இருப்பவர்கள். சங்க விதிப்படி வீட்டுச் சொந்தக்காரர்தான் உறுப்பினர்.

செப்டம்பர் 21

மூட்டை அடுக்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். தலைவர் செங்கல் வைத்துக் கட்டிப் பூசிவிட்டார். வேலை நேர்த்தி.

கத்தரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

அக்டோபர் 18

நேற்றிலிருந்து மழை. பூங்கா பளிச்சென்று இருக்கிறது. புல்லில் மழைத்துளி நிற்பது இங்கிருந்தே தெரிகிறது.

இன்று சனிக்கிழமை. மாவு வரவில்லை. தீபாவளி நேரம், வேலை அதிகமாக இருக்கும்.

அக்டோபர் 19

ஷம்ஷாத் வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள். முழங்காலுக்குக் கீழே சேலை நனைந்திருந்தது.

“மடைய ஏண்ணே அடச்சாங்க?”

“தற்காலிகம்தாம்மா. புல்லு வேர் பிடிக்கிற வரைக்கும்.”

“புல்லா?” என்றாள். “வீட்டுக்காரர் கட்டில் காலு தண்ணிலதான் நிக்குது. அரிசி டின்னு வச்சு ஒசத்தியிருக்கேன். அதுக்கு மேல ஏறுச்சுன்னா அவர எறக்கி எடுத்துட்டுப் போக நாலு ஆளு வேணும். எங்க போறது?”

“தலைவர்கிட்ட சொல்றேன்.”

“நீங்க செக்ரட்டரிதானே?”

“தீர்மானம் போட்டது சங்கம்தாம்மா. நான் தனியா ஒண்ணும் செய்ய முடியாது.”

“சங்கத்துல நாங்க இல்லையேண்ணே.”

விதியைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். படியிறங்கும்போது திரும்பி, “பூங்கா அழகா இருக்குண்ணே. மேலேர்ந்து பாத்தா இன்னும் நல்லாத் தெரியும்ல?” என்றாள்.

தெரியும் என்று சொன்னேன். அவள் கேட்டது வேறு என்று பிறகு தோன்றியது.

அக்டோபர் 24

பெனிட்டா போன் செய்தார். மடையைத் திறக்கச் சொல்லிச் சங்கத்துக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாராம். தலைவர் கவுன்சிலரிடம் பேசிவிட்டதால் அது எங்கோ நிற்கிறது.

“இதே மாதிரி இன்னும் அஞ்சு எடத்துல தோண்டப் போறோம் சார். எல்லா எடத்துலயும் உங்க பூங்காவக் காட்டித்தான் பேசியிருக்கேன். இப்ப அதுக்குள்ள தண்ணியே போகலன்னா நான் என்னன்னு சொல்றது?”

“தலைவர்கிட்ட பேசுங்கம்மா.”

“பேசிட்டேன். அவர் உங்ககிட்ட பேசச் சொன்னாரு.” பிறகு, “அன்னிக்கு நனைஞ்சா பரவால்லன்னு சொன்னீங்களே சார்,” என்றார்.

இணைப்பு சரியில்லை என்று வைத்துவிட்டேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. முப்பத்தைந்து வருஷம் தொலைபேசி இலாகாவில் இருந்தவனுக்கு அது தெரியாதா.

நவம்பர் 15

இன்றும் இல்லை. கடையில் பாக்கெட் மாவு வாங்கினேன். புளிக்கவே இல்லை.

டிசம்பர் 1

புயல் கரையைக் கடக்காமல் கடலோரமாகவே நகர்கிறதாம். மிகக் கனமழை என்று அறிவிப்பு. தலைவர் பவுண்டனைத் தார்ப்பாய் போட்டுக் கட்டினார். நான் பெரிய பிளாஸ்டிக் தாள் வாங்கி, பெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு வந்தேன். தொட்டியை நிரப்பி வைத்தேன். மெழுகுவத்தி இருக்கிறது.

டிசம்பர் 3

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்று கை எழுதும் நிலையில் இல்லை.

காலையிலிருந்து மழை ஒரே சீராகக் கொட்டியது. சத்தத்தில் ஏற்ற இறக்கமே இல்லை. முற்பகலில் மின்சாரம் போனது. சாதம் வடித்துவிட்டு ஜன்னலில் நின்றேன். பூங்காவுக்குள் நேராகப் பெய்த மழை மட்டும் கணுக்கால் அளவு நின்றது. தார்ப்பாய், ஊஞ்சல், தாள் சுற்றிய பெஞ்சு, எல்லாம் வைத்தது வைத்தபடி. சுவருக்கு அந்தப் பக்கம் தெருவைக் காணவில்லை. மீன் விற்கிற வண்டியில் ஒரு கிரைண்டரை ஏற்றி இருவர் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் தெரியவில்லை. வண்டி மிதந்து போவது போலிருந்தது.

இந்தப் பக்கம் காலியாக ஒரு பள்ளம், அந்தப் பக்கம் முழுகுகிற தெரு. நடுவில் ஒரு செங்கல் சுவர். அந்த ஜன்னலில் ஐந்து மாதமாக நின்றிருக்கிறேன்.

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். இரண்டாம் குறுக்குத் தெருவில் தண்ணீர் தொடைக்கு வந்தது. ஷம்ஷாத் வீட்டு வாசலில் இன்னொரு கிரைண்டர் முழுகிக் கிடந்தது. முன்னறையில், அரிசி டின்கள் மேல் நிறுத்திய கட்டிலின் சட்டத்தைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. காதர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயின் ஒரு பக்கத்தால் “வாங்க” என்றார். அந்த நிலையிலும்.

“உக்காரச் சொல்லக்கூட எடமில்லண்ணே,” என்றாள் ஷம்ஷாத். கட்டில் காலை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள், டின் நகராமல் இருக்க.

ஆணியில் குடை தொங்கியது. கருப்புத் துணி, மரக் கைப்பிடி. அதற்கு மேல் பரணில், மாவு டப்பாக்களுக்கும் மேலே, ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் பூப்போட்ட திண்டு ஒன்று கட்டியிருந்தது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள், “அண்ணி சேருண்ணே. மாசி மாசம் அவங்க கடைசியா வந்தப்ப ஒக்காந்தது. மொதல்ல அதத்தான் தூக்கி மேல போட்டேன். அப்பறம்தான் கிரைண்டரு ஞாபகமே வந்துச்சு. பைத்தியக்காரி,” என்றாள்.

குடையை எடுத்துக்கொள்ளவில்லை.

நேராகத் தலைவர் வீடு. கதவைத் திறந்தார்.

“கடப்பாரை வேணும்.”

“இந்த மழையிலயா? எதுக்குய்யா?”

“மடைக்கு.”

“இன்னா பேசற நீ? தீர்மானம் எழுதனதே நீதான்யா!”

“நான்தான் எழுதினேன். கடப்பாரை எங்க?”

“என் மோட்டார் புதுசுய்யா. ஒரு நாளு ஓடல இன்னும்.”

“போய்க் கழட்டிக்குங்க. ஒரு ஆளு கட்டிலோட முழுகிக்கிட்டிருக்கான். மோட்டார கழட்டற நேரத்துக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன்.”

அவரை நான் அப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. பிறகு அவர் உள்ளே போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்து என் கையில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டி, வாயில் ஸ்குரூ டிரைவரைக் கடித்துக்கொண்டு, என்னைத் திட்டியபடியே பள்ளத்துக்குள் இறங்கினார்.

நானும் பின்னால் இறங்கினேன். பெஞ்சின் கயிற்றை அறுத்துப் பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிறகு மேலே ஏறி, மடைக்குத் தெருப்பக்கமாக வந்தேன். இடுப்புத் தண்ணீரில் நின்று குத்தினால் கடப்பாரை நழுவுகிறது. பூச்சுகூடப் பெயரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைவரின் குரல் வந்தது: “எங்க கடை சிமெண்டுய்யா அது! அவ்ளோ லேசுல வராது!” அந்த நேரத்திலும் குரலில் பெருமை.

மீன் வண்டி தள்ளிய இருவரும் வந்து சேர்ந்தார்கள். மாற்றி மாற்றிக் குத்தினோம். முதல் செங்கல் உள்பக்கமாக விழுந்ததும் மற்றதைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. லாரியில் ஜல்லி கொட்டுவது போல் ஒரு சத்தம். மோட்டாரைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்த தலைவர் வழுக்கி விழப் பார்த்தார். வெட்டிவேர்த் தூரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, “ஏய், ஆள் ஏறட்டும்யா!” என்று கத்தினார். மோட்டாரை விடவில்லை.

கட்டிலருகே போய் நின்றுகொண்டேன். ஷம்ஷாத்தும் நானும் ஆளுக்கொரு காலைப் பிடித்திருந்தோம். சட்டத்தில் இருந்த தண்ணீர் விரல் விரலாக இறங்கியது. டின்னின் மேல்விளிம்பு தெரிந்ததும் அவள் கையை எடுத்து, விரலை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

பொழுது சாய்கிறபோது மாடிக்கு வந்தேன். பவுண்டன் மீனின் தலைக்கு மேல் தண்ணீர். பெஞ்சின் இருக்கை போயிருந்தது. கீழ் வரியில் என் பெயர் முழுகியது. நடு வரியைத் தொட வெகுநேரம் பிடித்தது. பிறகு அதுவும் முழுகியது. அந்த நேரத்துக்கு இரண்டாம் குறுக்குத் தெருவில் வாசற்படிகள் தெரிய ஆரம்பித்திருந்தன.

வடித்த சாதம் அப்படியே இருந்தது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 5

தோளைத் தூக்க முடியவில்லை. தவளைகள் எங்கிருந்துதான் வந்தனவோ, பகலெல்லாம் கத்துகின்றன. இந்த நகரில் நான் தவளைச் சத்தம் கேட்டதில்லை.

டிசம்பர் 9

தண்ணீர் மண்ணுக்குள் போய்விட்டது. புல் போச்சு. பெஞ்சில் சேறு. கழுவப் போனேன், வாளியோடு திரும்பி வந்தேன். அடுத்த மழை இருக்கிறது.

டிசம்பர் 13

காலையில் கேட்டில் மாவுப் பொட்டலம். அதன் பக்கத்தில் குடையும் தொங்கியது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். குடையைச் சாயங்காலம் நானே கொண்டுபோய் அந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். பச்சை நாற்காலியை இறக்கிப் போட்டாள். நான் அதில் உட்காரவில்லை. காதரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். ஒரு கிரைண்டர் ஓடுகிறது, மற்றது மெக்கானிக்கிடம்.

டிசம்பர் 14

கூட்டம். இந்த முறை இரண்டாம் குறுக்குத் தெருவில், ஷம்ஷாத் வீட்டு எதிரில். பெனிட்டாவும் வந்தார். வாடகைக்கு இருப்பவரும் உறுப்பினராகலாம் என்று விதியை மாற்றினோம். டாக்டர் எழுந்து போய்விட்டார், பிறகு திரும்பி வந்தார். மடைக்கு இரும்புக் கம்பி வலை போட்டுக் குப்பையை மட்டும் தடுப்பது என்று பெனிட்டா சொன்னார். வலையை வாரம் ஒருமுறை சுத்தம் செய்வது யார் என்ற கேள்வி வந்தது. அதற்கு மட்டும் உபயம் வராது. என் பெயரை நானே எழுதிக்கொண்டேன். தலைவர், “அதுக்கு அடியில என் பேரையும் போடு” என்றார்.

பவுண்டன் அம்மன் கோயிலுக்குப் போகிறது. ஊஞ்சல் கரைக்கு ஏறும். புல்லுக்குப் பதிலாகக் கோரை தானாக முளைக்கும், அதுவே போதும் என்றார் பெனிட்டா.

“உன் பெஞ்ச மேல தூக்கிடலாம்யா,” என்றார் தலைவர். “டிரான்ஸ்பார்மர் பக்கத்துல எடம் இருக்கு.”

“அங்கேயே இருக்கட்டும்,” என்றேன்.

பெனிட்டா என்னைப் பார்த்தார். ஷம்ஷாத்தான் சொன்னாள்: “இருக்கட்டும் மேடம். அன்னிக்கு அந்த எழுத்து முழுகற வரைக்கும் பள்ளத்துல பாதிதான் ரொம்பியிருந்துச்சு. அதப் பாத்தா எங்களுக்கு நேரம் தெரியும். கிரைண்டரத் தூக்கணுமா வேணாமான்னு.”

அளவுகோல் ஒன்று வைப்பதாகத் திட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் பெனிட்டா. வரும்வரை இது இருக்கட்டும் என்று குறிப்பில் எழுதினேன்.

டிசம்பர் 20

மார்கழியில் இப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. மத்தியானத்திலிருந்து விடாமல் பெய்கிறது. மடை வழியாகத் தண்ணீர் இறங்குவது இங்கே கேட்கிறது. வலையைக் காலையில்தான் சுத்தம் செய்தோம்.

சாம்பார் கொதிக்கும்போது ஷம்ஷாத் போன் செய்தாள். பின்னால் கிரைண்டர் சத்தம், நாலைந்து பெண்கள் பேசும் சத்தம்.

“அண்ணே, ஜன்னல்லேர்ந்து பாருங்க. எங்க இருக்கு?”

அடுப்பைத் தணித்துவிட்டுப் பார்த்தேன். “என் பேரு முழுகிடுச்சு.”

“நீங்க முழுகினா பரவால்ல,” என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்குள் வேறொரு குரல், நான் அறியாத, இளம் பெண் குரல், மாடியிலிருந்தோ எங்கிருந்தோ கத்திக் கேட்டது: “அக்கா, தையல்நாயகிய தொட்டுச்சான்னு கேளு! அதத் தொட்டாத்தான் தூக்கணும்!”

அந்தப் பெண் அவளைப் பார்த்திருக்க மாட்டாள். போன மாதம்தான் குடிவந்தவர்கள் அந்த மாடியில் இருக்கிறார்கள்.

“அண்ணே? இருக்கீங்களா? லைன் போயிடுச்சா?”

“இருக்கேன்மா.” கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். “இல்ல. தையல்நாயகிய இன்னும் தொடல. தையல்நாயகிக்கு நாலு வெரல் இருக்கு.”

ஷம்ஷாத் போனை வைக்காமலே திரும்பிச் சொல்வது கேட்டது: “தையல்நாயகிக்கு இன்னும் நாலு வெரல் இருக்காம். நிறுத்தாதீங்கடி, அரைங்க.”

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.